பன்னிரண்டாவது ப்ராஜெக்ட்

பேய்க்கதை என்றால் அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கடிகாரம் பன்னிரண்டு அடிக்க வேண்டும். இதில் அதெல்லாம் கிடையாது. இது நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மும்பை செம்பூரில், ஆறு ட்யூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்த ஓர் ஆபீசில். நடந்தது என்றுதான் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பெண் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று சொல்லமாட்டேன். லேட்டாக வந்த நாளில் எல்லாரையும் போல ஹார்பர் லைன் ரயில் தலையில் பழியைப் போடுகிறவள்தான். ஆனால் இதை அவள் என்னிடம் சொன்னபோது கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில் அவள் தட்டில் இட்லி இருந்தது. சொல்லி முடிக்கிறவரை அவள் அதைத் தொடவே இல்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

பெயர் கோகிலவாணி. வயது இருபத்திமூன்று. வீடு தாராவியில். அப்பா பிரம்மநாயகம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல்பை பட்டறையில் வேலை செய்கிறார். கோகிலா படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள்.

அவள் வேலை பார்த்தது லிஃப்டுகளுக்கு ப்ரோக்ராம் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில். டெஸ்டிங் பிரிவில் ட்ரெய்னி. டெஸ்டிங் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கேள்வியையும் எழுதி வைத்திருப்பார்கள், அதற்குச் சரியான விடையையும் எழுதி வைத்திருப்பார்கள். நாலாவது மாடி பட்டனை அழுத்தினால் லிஃப்ட் எங்கே நிற்கும்? ப்ரோக்ராம் நாலு என்றால் பச்சை. அஞ்சு என்றால் சிவப்பு. இப்படி ஆயிரத்துச் சொச்சம் கேள்விகளைக் கம்ப்யூட்டரே கேட்டு, கம்ப்யூட்டரே திருத்தி, நாலு நிமிடத்தில் மார்க் போட்டுவிடும்.

கம்பெனியின் பதினொரு ப்ராஜெக்டும் ஒரே பெரிய ஃபோல்டருக்குள் குடித்தனம். லிஃப்ட் கதவுக்கு ஒன்று, பட்டன் பேனலுக்கு ஒன்று, அபாய மணிக்கு ஒன்று என்று. நம்ம ஊர் சால் மாதிரி, ஒரே நீள வராண்டாவை ஒட்டி வரிசையாக ஒற்றை அறை வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குள் போய்க் கட்டளை கொடுத்தால் அந்த வீட்டு டெஸ்ட் மட்டும் ஓடும். வராண்டாவில் நின்று கொடுத்தால் பதினொரு வீட்டிலும் ஓடும்.

அன்று அவள் வராண்டாவில் நின்று கொடுக்க வேண்டிய நாள். மாலை நான்கு மணிக்குப் புதிய வெர்ஷன் மும்பையிலும் நவி மும்பையிலுமாக இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களுக்குப் போகிறது. அதற்கு முன், எல்லாம் பச்சை என்று கோகிலா ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை, ட்ரெய்னிகளில் யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவாகும். அந்த ஒரு வரிக்காக அவள் அஞ்சு மாதமாகக் காத்திருந்தாள்.

ஜூலை மாதம். காலையிலிருந்து மழை. போதாததற்கு ஹார்பர் லைனில் மெகா பிளாக், ட்ரெயின் கிடையாது. கோகிலா இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நாற்பதுக்கு ஆபீஸ் கதவைத் திறந்தாள். மாதுங்காவில் இருக்கும் டீம் லீடர் ஜகந்நாதன் வருவதாகச் சொன்னவர், தெருவில் முழங்கால் தண்ணீர் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். மூன்றாவது மாடியில் அவள் ஒருத்திதான். அவளும், சுவரில் மாட்டிய ஒரு பழைய லிஃப்ட் பேனலும். சோதனைக்காகப் போன வருஷம் வாங்கி மாட்டியது, பட்டன்களும் அபாய மணியும் ஸ்பீக்கரும் உள்ளது. ஒயரைப் பிடுங்கிப் பல மாதம் ஆகிறது. ஒயர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

2.13. கட்டளை கொடுத்தாள். வரிசையாகப் பச்சை ஓடியது. போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

2.17. திரையின் அடியில் முடிவு நின்றது.

பன்னிரண்டு ப்ராஜெக்ட். பதினொன்று பச்சை. ஒன்று சிவப்பு.

பன்னிரண்டா?

ஃபோல்டரைத் திறந்து விரல் விட்டு எண்ணினாள். பதினொன்று. திரும்ப எண்ணினாள். பதினொன்றேதான். முடிவுப் பட்டியலில் மட்டும் கடைசியாக ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதற்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஜகந்நாதனுக்கு ஃபோன் போட்டாள்.

"சார், ஒரு ப்ராஜெக்ட் எக்ஸ்ட்ரா காட்டுது. பேரே இல்ல. ஃபெயில் ஆகுது."

"உன் பக்கத்து சீட் நிகில் ஏதாவது புதுசா சேத்திருப்பான். அவனுக்கு வேற வேலை என்ன? அதை ஸ்கிப் பண்ணிட்டு மேல போ."

"ஃபோல்டரே இல்ல சார்."

"மழையில சர்வர் ஏதோ உளர்றது. இன்னொரு தடவை ஓட்டிப் பாரு. நாலு மணி, ஞாபகம் இருக்கட்டும்."

ஸ்கிப் என்றால், அந்த டெஸ்டை மட்டும் கேட்காதே என்று எழுதி வைப்பது. எல்லாரும் செய்கிறதுதான். பெயரே இல்லாததை எப்படி ஸ்கிப் பண்ணுவது? கடைசி வரியைக் கணக்கில் எடுக்காதே என்று எழுதினாள். திரும்ப ஓட்டினாள்.

2.26. பன்னிரண்டு.

இந்த முறை பெயரில்லாத ப்ராஜெக்டுக்குக் கீழே ஒரு டெஸ்ட் தெரிந்தது. சிவப்பில். தமிழில்.

அந்த ஆபீசில் யாரும் தமிழில் எழுதுவதில்லை. அடிக்க எந்தக் கம்ப்யூட்டரிலும் வசதியும் கிடையாது. கோகிலா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கூட்டிப் படித்தாள். க... த... வு. கதவு. தி... ற... க்... க...

கதவு திறக்கணும்.

பக்கத்தில் அந்த டெஸ்ட் எடுத்துக்கொண்ட நேரம் போட்டிருந்தது. பதினொரு நிமிடம். ஒரு டெஸ்டுக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. மொத்த ஓட்டமே நாலு நிமிடத்தில் முடிந்திருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். நிகில்தான். அவனைத் திங்கட்கிழமை கவனித்துக்கொள்வதாக மனசுக்குள் இரண்டு வசவு வைதுவிட்டு, மூன்றாவது தடவை ஓட்டினாள்.

2.31. கதவு திறக்கணும். சிவப்பு.

அதற்குக் கீழே இன்னொன்று. ம... ணி... மணி அடிக்கணும். சிவப்பு. நாற்பது நிமிடம்.

2.36. மூன்றாவது வரி. விசிறி ஓடணும். ஒரு மணி ஐந்து நிமிடம்.

2.41. நாலாவது வரி. தண்ணி வேணும். இரண்டு மணி பத்து நிமிடம்.

வேகமாகப் படிக்கத் தெரிந்திருந்தால் பயமும் சட்டென்று வந்து போயிருக்கும். அவளுக்கு அது எழுத்தெழுத்தாக வந்தது.

2.44. ஃபோன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. அம்மா பூமாரி.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"மழ இந்தப் போடு போடுது. எப்பிடிட்டி வருவ?"

"வந்துருவேம்மா. நாலு மணிக்கு முடிஞ்சுரும்."

"சரி. கூட ஆள் இருக்கால்ல, அது போதும்."

"யாரும் இல்லியே. நான் மட்டுந்தான்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"பெறவு யாருட்டி அது, பக்கத்துல ஒரு பொம்பள பேசுதா?"

கோகிலா திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலிகள். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. டிவியா இருக்கும்மா என்று ஏதோ சொல்லி ஃபோனை வைத்தாள். அந்த ஆபீசில் டிவி கிடையாது.

பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தாள். இதை அவளே சொன்னாள். திங்கட்கிழமை நினைவு வந்து திரும்ப உட்கார்ந்தாள்.

2.52.

டிர்ர்ர்ர்...

சுவரில் இருந்த பேனல்.

அபாய மணிப் பட்டனில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒயர் கீழே தொங்கிக்கொண்டே இருந்தது. எதிலும் செருகவில்லை.

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

நின்றது.

ஸ்பீக்கரிலிருந்து லேசாக ஒரு சத்தம் வந்தது. மூச்சு. மாடிப்படி ஏறி வந்தவர்கள் விடுவது போன்ற மூச்சு. ஐந்தாறு தடவை. பிறகு அதுவும் நின்றது.

கோகிலா அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே, ஏன் என்று தெரியாமல், மணி ப்ராஜெக்டைத் திறந்தாள். பன்னிரண்டாவது இல்லை. நிஜமாகவே இருக்கிற மணி ப்ராஜெக்ட். அறுபத்தோரு டெஸ்ட், அறுபத்தொன்றும் பச்சை. ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள்.

லிஃப்டுக்குள் மணியை அழுத்தினால் எந்த நம்பருக்கு ஃபோன் போக வேண்டும்? அதுதான் கேள்வி. கட்டடத்து வாட்ச்மேன் நம்பருக்குப் போக வேண்டும் என்பது விடை. குழந்தைகூடச் சொல்லும்.

எழுதி வைத்திருந்த விடை... காலி.

நம்பர் இல்லை. ஒன்றுமே இல்லை. ப்ரோக்ராம் சொன்ன விடையும் காலி. காலியும் காலியும் ஒன்று. அதனால் பச்சை.

புதிய மாடல் பேனல் போட்ட கட்டடங்களில் மணியை அழுத்தினால் யாருக்கும் ஃபோன் போகாது. மாதக்கணக்காகப் போகவில்லை. அதை டெஸ்ட் சரி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். அந்தக் காலி விடையை எழுதியது யார் என்று பார்த்தாள்.

கோகிலவாணி பிரம்மநாயகம். மார்ச் 12. மாலை 6.40.

அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். அன்று பேனலில் எழுத்துகளின் அளவை மாற்றியிருந்தார்கள். அதனால் பழைய விடைகள் பொருந்தாமல் சிவப்பு சிவப்பாக வந்தது. அதற்கு ஒரு கட்டளை உண்டு. இன்று என்ன விடை வருகிறதோ அதையே சரியான விடையாக எழுதிக்கொள் என்று. விடைத்தாளைத் திருத்துவதற்குப் பதில் விடைக்குறிப்பைத் திருத்துவது. தெரிந்து செய்தால் தப்பில்லை. பேனல் வீட்டுக்குள் போய்க் கொடுக்க வேண்டிய கட்டளையை அவள் வராண்டாவில் நின்று கொடுத்துவிட்டாள். பதினொரு வீட்டு விடைக்குறிப்பும் மாறியது. அன்றுதான் மணி ப்ராஜெக்டில் யாரோ நம்பர்களை இடம் மாற்றி வைத்து, தப்பு ஒன்று புகுந்து, நியாயமாகச் சிவப்பில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அதன் வாயைப் பொத்திவிட்டாள். எல்லாம் பச்சை என்று அன்று நிகில் அவளுக்குக் கை தட்டினான். அது மறுநாளே அந்தப் புதிய பேனல் கட்டடங்களுக்கும் போய்விட்டது.

3.08. ஜகந்நாதனுக்குத் திரும்ப ஃபோன்.

"ஆயிடுத்தா?"

"சார், மணி ப்ராஜெக்ட்ல தப்பு இருக்கு. அலாரம் அழுத்தினா கால் போகாது."

"அது பச்சையாத்தானே இருக்கு?"

"அந்தப் பச்சை பொய் சார். நான் போட்ட பச்சை." எல்லாவற்றையும் சொன்னாள்.

எதிர்முனையில் அவர் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கோகிலா, நான் சொல்றதக் கேளு. இப்போ எத்தனை பில்டிங்ல இருக்கு இது?"

"ஒம்பது. இன்னிக்கு அனுப்பினா எல்லாத்துக்கும் போயிடும்."

"நாளைக்கு லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. நான்தான் எழுதினேன். இன்னிக்கு அனுப்பிடு. புதன்கிழமைக்குள்ள சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம். நாலு நாள்ல என்ன ஆயிடப் போறது? யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அவளுக்கும் அந்த நிமிடம் அது நல்லதாகத்தான் தெரிந்தது. அஞ்சு மாதம் மழையிலும் வெயிலிலும் ஓடி வந்த வேலை. பட்டறையில் எல்லாரிடமும் அப்பா சொல்லி வைத்திருந்த வேலை.

3.19. எல்லாம் பச்சை, அனுப்பலாம் என்று அடித்தாள். அனுப்பு பட்டன் மேல் விரலை வைத்தாள்.

டிர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

இந்த முறை நிற்கவில்லை.

திரையில் டெஸ்ட் ஓட ஆரம்பித்தது.

அவள் கட்டளை கொடுக்கவில்லை.

கதவு திறக்கணும். சிவப்பு.

மணி அடிக்கணும். சிவப்பு.

விசிறி ஓடணும். சிவப்பு.

தண்ணி வேணும். சிவப்பு.

யா... ரா... ச்... சும்... யாராச்சும் வரணும். சிவப்பு. ஐந்து மணி மூன்று நிமிடம்.

அதற்கும் கீழே...

தமிழில் அவளால் கூட்டாமல் படிக்க முடிகிற சொல் ஒன்றே ஒன்றுதான்.

கோகிலவாணி.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நொடி.

இரண்டு நொடி.

மூன்று...

அந்த டெஸ்ட் இன்னும் முடியவில்லை.

பேனல் அலறிக்கொண்டே இருந்தது. கழுத்துக்குப் பின்னால் சூடாக ஒரு மூச்சு பட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என்ன பார்த்திருப்பாய் என்று நான் கேட்டேன். தெரியாது, இன்றைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் திரும்ப மாட்டேன் என்றாள்.

நாற்பது நொடி.

நாற்பத்தொன்று.

அடித்ததை அழித்தாள். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை எழுதினாள். அனுப்பாதீர்கள். ஒன்பது கட்டடங்களில் அபாய மணி வேலை செய்யவில்லை. தவறு என்னுடையது. கோகிலவாணி.

ஜகந்நாதனுக்கு மட்டும் அனுப்பவில்லை. அவருக்கு மேலே இருந்த முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அனுப்பினாள்.

3.22.

மணி நின்றது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் பன்னிரண்டாவது ப்ராஜெக்ட் இல்லை. மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். அந்த வரிகள் இருந்த சுவடே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு வேறொரு பயம் பிடித்தது. இப்போது, இந்த நிமிடம், அந்த ஒன்பது கட்டடங்களில் எங்காவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தால்? யாராச்சும் வரணும் என்று எழுதியது அவர்களாக இருந்தால்? வாட்ச்மேன்களின் நம்பர்ப் பட்டியலைத் தேடி எடுத்து வரிசையாக ஃபோன் போட்டாள். லிஃப்டில் யாராவது இருக்கிறார்களா, போய்ப் பாருங்கள் என்று இந்தியில் கெஞ்சினாள். எட்டுப் பேர் போய்ப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்றார்கள். ஒருவன் சிரித்தான். ஒன்பதாவது, நவி மும்பை கோபர்கைரனேயில் ஒரு கட்டடம். அவள் இந்தியைக் கேட்டதும் எதிர்முனை தமிழுக்கு மாறியது.

"நம்ம ஊருப் புள்ளையா நீ? பேரு கரீம் பாட்சா, நான் மேலப்பாளையம். எந்த லிஃப்டக் கேக்குற?"

"உங்க பில்டிங்ல இருக்குற லிஃப்ட் அண்ணாச்சி. உள்ள யாரும் மாட்டிருக்காங்களா?"

"அது மார்ச்சுலேர்ந்து பூட்டிக் கெடக்கும்மா. கரண்டே எடுத்தாச்சு. புது லிஃப்ட் வர வரைக்கும் எல்லாரும் படிதான்."

"ஏன் பூட்டுனாங்க?"



"அது ஃபோன்ல சொல்ற விஷயம் இல்ல புள்ள."

கோகிலா அதற்கு மேல் கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, மணி ப்ராஜெக்டில் இடம் மாறிக் கிடந்த நம்பர்களைத் தன் கம்ப்யூட்டரில் சரிசெய்தாள். விடைக்குறிப்பில் பழைய விடையைத் திரும்ப எழுதினாள். ஓட்டினாள். 3.52. பதினொரு ப்ராஜெக்ட், பதினொன்றும் பச்சை. ஆறு லைட்டையும் அணைக்காமலே படியில் இறங்கி ஓடினாள்.

திங்கட்கிழமை நல்ல பாட்டு கிடைத்தது. லிஸ்டில் அவள் பெயரை அடித்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் ட்ரெய்னி என்று எழுதினார்கள். ஜகந்நாதன் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அவள் செய்த திருத்தத்தை இரண்டு பேர் சரிபார்த்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் ஒன்பது கட்டடங்களுக்கும் அனுப்பினார்கள். அதுவரை அது அவள் கம்ப்யூட்டரைத் தாண்டி எங்கும் போகவில்லை. இதை நான் நிகிலிடமும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் கோபர்கைரனே போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஏழு மாடிப் புதுக் கட்டடம், பாதி வீடுகளில் இன்னும் ஆள் வரவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கரீம் பாட்சா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். லிஃப்ட் கதவுக்கு முன்னால் இரண்டு மரச்சட்டத்தைக் குறுக்கே அடித்திருந்தார்கள்.

"முருகம்மாள்னு ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கம். படி, வராண்டாவெல்லாம் பெருக்கித் தொடைக்கிறவ" என்றார். "ஹோலி அன்னிக்கு. மத்தியானம் ரெண்டே கால் இருக்கும், வாளியோட மேல ஏறுனா. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோச்சு. கீழ முழுக்க பாட்டு, டோலு மேளம், கலர்ப்பொடி. கத்துனாலும் யாருக்குக் கேக்கும்? நான் இந்த நாற்காலிலதான் இருந்தேன். ஃபோன் கையிலதான் இருந்துச்சு. அடிக்கவே இல்ல புள்ள. ராத்திரி ஏழு இருபதுக்குக் கதவ நெம்பித் தொறந்தோம். உசிரு இல்ல. உள்ள அவ்வளவு வெக்கை. லிஃப்ட் கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு சிம் கார்டு கெட்டுப்போச்சுன்னான்."

கோகிலா கீழே உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் அழுதாள். என்னால்தான் அண்ணாச்சி, அந்த மணியைக் கெடுத்தது நான்தான் என்று சொன்னாள். அவர் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அவங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியுமா அண்ணாச்சி?"

"அவளுக்கா? கைநாட்டு. ரெஜிஸ்டர்லயே பெருவெரல்தான் வெப்பா. ஏன் கேக்குற?"

கோகிலா அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். கரீம் பாட்சா தன் பழைய பட்டன் ஃபோனை எடுத்து, எதையோ தேடி, அவளிடம் நீட்டினார்.

"நீ அன்னிக்குப் பேசிட்டு வெச்ச பெறவு எனக்கு ஒரு கால் வந்துச்சு. நம்பரப் பாரு."

லிஃப்டுக்குள் இருக்கும் ஃபோனின் நம்பர் அது. வந்த நேரம், அவள் திரையில் பதினொன்றும் பச்சையான அதே நிமிடம். ஞாயிற்றுக்கிழமை. 3.52.

"கரண்டு இல்லியே அண்ணாச்சி."

"இல்ல."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். மொதல்ல ஒரே டோலு சத்தம். ஹோலிப் பாட்டு. இங்க மழ ஊத்துது, ஃபோனுக்குள்ள ஹோலி நடக்குது. அப்புறம் அவ பேசுனா. முருகம்மாதான். எத்தன நாளு இங்க நின்னு பேசியிருக்கா, எனக்குத் தெரியாதா அந்தக் குரலு? பயமே இல்ல புள்ள அவ குரல்ல. இப்பத்தான் மாட்டிக்கிட்டவ மாதிரி சிரிச்சுக்கிட்டே பேசுறா."

"என்ன சொன்னாங்க?"

கரீம் பாட்சா ஃபோனைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"'அண்ணே, லிஃப்ட் நின்னுபோச்சு. அவசரமில்ல, மெதுவா வாங்க'ன்னா."